சோற்றுப் பசையும் கைநாட்டு எண்ணும்

எனக்குத் திமிர் அதிகம் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதன் முன்னால் உட்கார்ந்தவள் நான். கொழுந்து பறிக்கிறவளின் மகள். கொஞ்சம் திமிர் இருந்தால்தான் என்ன குறைந்துவிடும்?

அது எண்பதுகளின் நடுப்பகுதி. ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் அதற்கும் முன்னால், நான் ஆரம்பப் பள்ளியில் படித்த எழுபதுகளில், ஒரு கம்பளியில் தொடங்குகிறது.

மழைக்காலத்துக்கு முன்பு தோட்டத்தில் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பார்கள். ஸ்டோரில் போய் வரிசையில் நின்று, புத்தகத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வருடம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனபோது ஸ்டோர்காரர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, "நீதான் முந்தாநாளே வாங்கிட்டியே" என்றார். அம்மாவின் பெயருக்கு எதிரே ஒரு கட்டைவிரல் ரேகை கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

அம்மாவின் பெயரில் எங்கள் தோட்டத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்திக்கு அப்பா பெயரும் அதேதான். அம்மா இதைச் சொல்லிப் பார்த்தாள். ஸ்டோர்காரர் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். எனக்கு இருக்கும் வாய் அவளிடமிருந்து வந்ததுதான். சத்தம் கேட்டு, ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வந்தார். அப்போது அவர் சின்ன கிராணி. கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எதையும் உரக்கச் சொல்வார்; காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் குரல் அப்படி ஆகிவிட்டது.

அவர் அம்மாவைத் திட்டவில்லை. மைப்பெட்டியை எடுத்து அவள் கட்டைவிரலை ஒரு வெற்றுத் தாளில் ஒற்றியெடுத்தார். மேசையிலிருந்த பூதக்கண்ணாடியால் அதையும் பார்த்தார், புத்தகத்தில் இருந்ததையும் பார்த்தார். பிறகு ஸ்டோர்காரரை அருகே அழைத்தார்.

"பாரு. இது வளையம். இந்தம்மாவுது சுழி. பேரு ஒண்ணுதான், ஆளு வேற. நீ வரி மாத்தி வெச்சு வாங்கிட்ட லா. கம்பளிய எடுத்துக் குடு."

அம்மா கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ராணி மாதிரி நடந்து வந்தாள். எனக்கு அன்றைக்கு ஒரு பெரிய ஆச்சரியம். அதுவரை கைநாட்டு என்றால் எனக்கு அவமானம். பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டில் மற்ற பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள்; என்னுடையதில் ஒரு கறுப்புத் தடம். "கைநாட்டு மவ" என்று கூப்பிட்ட ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்து நான் அடி வாங்கியதும் உண்டு. அந்தத் தடத்துக்குப் பெயரை விடவும் அதிகம் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இருந்தாலும் அம்மாவுக்கு அந்த வெட்கம் போகவில்லை. தேயிலைக் கறை ஏறி வெடித்துப் போன விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே ஆபீசுக்குப் போவாள். நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு அவளை உட்கார வைத்துப் பெயர் எழுதப் பழக்கினேன். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துதான். மைப்பெட்டியை யாராவது அவள் பக்கம் நகர்த்தினால் முறைப்பாள்.

ஐந்தாம் படிவம் முடித்ததும் ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தேன். நான் திரும்பி வந்த நேரத்தில் தோட்டத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. யார் எந்தத் தேயிலைக் காட்டில் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள், அதிலிருந்து எவ்வளவு தூள் வந்தது என்று கணக்குப் போட்டு மாதக் கடைசியில் அச்சடித்துத் தர வேண்டும். ஆனால் அது சும்மா வரவில்லை, வெள்ளோட்டத்துக்கு வந்தது. சரியாக வேலை செய்கிறது என்று கோலாலம்பூரில் இருக்கும் கம்பெனிப் பெரிய துரைகள் ஒப்புக்கொண்டால் மலையிலேயே இருக்கும். இல்லையென்றால் இயந்திரம் லோரியில் ஏறி ஈப்போ ஆபீசுக்குப் போய்விடும். வேலையும் அதனோடு போய்விடும். நானும் வெள்ளோட்டத்தில்தான் இருந்தேன். அது கீழே இறங்கினால் நான் மேலே, கொழுந்து மலைக்கு ஏற வேண்டியதுதான்.

அம்மா இதை எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டாள். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்தபோது மூலையில் புதுப் பிரம்புக் கூடை ஒன்று இருந்தது, நெற்றிப் பட்டையோடு. அம்மாவின் பழைய கூடை அதன் இடத்திலேயே இருந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

"ஸ்டோர்ல புதுசு வந்துச்சு. நல்லதா இருக்கயிலேயே ஒண்ணு எழுதி வாங்கிட்டேன். ஒனக்கு ஆவும்ல."

எனக்கு வந்ததே கோபம். நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அம்மாவும் விடவில்லை. "மிஷினு போனா போவுது, நீ பட்டினி கெடப்பியா? நாளைக்கு ஓட்டக் கூடையத் தூக்கிட்டுப் போவணுமா?" என்றாள். கூடை அந்த மூலையிலேயே இருந்தது. தினமும் ஆபீசுக்குக் கிளம்பும்போது அது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். நான் அதன்மேல் என் ஈரத் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போவேன்.

கணக்குப் போடும் மென்பொருள் பிளாப்பிகளில் வந்தது. கறுப்பாக, மெல்லிசாக, அப்பளம் போல இருக்கும். எழுதித் தந்தவர் ஈப்போவிலிருந்த ஒரு சீனர். நல்ல மனுஷர். முதல் பிரதியில் மாதம் மாறும்போது பழைய எடை புது மாதத்துக்குள் வந்து விழுந்தது. திருத்தி இரண்டாவது அனுப்பினார். அதில் மறுநடவு செய்த காடுகளின் கணக்கு உதைத்தது. மூன்றாவது அனுப்பினார், அதுதான் சரியானது. இதில் ஒரு தொல்லை. மூன்றிலும் கோப்பின் பெயர் ஒன்றே. இருந்த இடத்திலேயே ஒட்டுப்போட்டுத் திருத்துவார் என்பதால் அளவும் மாறாது. தேதியைப் பார்க்கலாம் என்றால், அந்தக் காலத்து இயந்திரங்களுக்குத் தேதி ஞாபகம் இருக்காது. நாமாகச் சொல்லாவிட்டால் எப்போதும் எண்பதாம் வருடம் ஜனவரி முதல் தேதி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். அவரும் சொன்னதில்லை. திறந்து பார்த்தால் மூன்றும் ஒரே முகத்தோடு சிரிக்கும். எது எது என்று சொன்னது மேலே ஒட்டியிருந்த சீட்டு மட்டும்தான்.

கேமரன் மலையில் சீட்டை நம்பலாமா? மூடுபனியில் சுவரே வியர்க்கும் ஊர் அது. செருப்பில் பூஞ்சை, படத்தில் பூஞ்சை, சாமி விளக்கில் கூடப் பூஞ்சை. அதனால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம்: எது நமத்துப் போகக் கூடாதோ அதைத் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்பறைக்குப் பின்சுவரை ஒட்டிய அலமாரியில் வைப்பார்கள். தீப்பெட்டி, பிஸ்கட் டின், பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்து, ஒருவருடைய கல்யாண போட்டோ எல்லாம் அங்கே இருக்கும். பிளாப்பியில் வெள்ளையாகப் பூஞ்சை பூப்பதைப் பார்த்த கிராணி, என்னுடைய பெட்டியையும் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டார். அவர் இப்போது பெரிய கிராணி ஆகியிருந்தார். பிளாப்பிகள் நன்றாகத்தான் இருந்தன. சீட்டுகளின் பசைதான் காய்ந்து, எல்லாச் சீட்டுகளும் சுருண்டு கழன்று பெட்டியின் அடியில் விழுந்துவிட்டன.

அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். நான் லீவில் இருந்த ஒரு நாள், சுத்தம் பார்க்கிற அந்த மனுஷர் தன் சாப்பாட்டுக் கேரியரிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கிப் பசையாக்கி, சீட்டுகளை அழகாக நேராக ஒட்டி வைத்துவிட்டார். மறுநாள் என்னிடம் பெருமையாகக் காட்டினார். எதை எதில் ஒட்டினீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்றார். தினமும் வேலை செய்ய மூன்றாவது பிரதியின் நகல் ஒன்று ஆபீசில் இருந்ததால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பெரிதுபடுத்த வேண்டிய நாள் மழையோடு வந்தது. தாப்பா ரோட்டில் மண் சரிந்து, மலைக்கு வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. அப்போது எங்களுக்கு இருந்தது அந்த ஒரே ரோடுதான். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பெரிய துரைகள் இரண்டு பேர் மலைமேலே பிரிஞ்சாங் ஊர் ஹோட்டலில் மாட்டிக்கொண்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், மறுநாள் மத்தியானமே எங்கள் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டர் கணக்கைப் பார்த்து முடிவு சொல்லிவிடுவதாகத் தகவல் அனுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கிராணி கையால் போட்ட மாதக் கணக்கு அவர்கள் பையில் இருந்தது.

தகவல் வந்த காலையிலேயே ஆபீசிலிருந்த நகல் பிளாப்பியைப் போட்டேன். இயந்திரம் கரகரவென்று பல்லைக் கடித்துவிட்டு நின்றுவிட்டது. உறையை விலக்கிப் பார்த்தால் வட்டில் பூஞ்சை கோலம் போட்டிருந்தது. நல்ல வேளையாக எடைக் கணக்கு இருந்த பிளாப்பி வேறு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கிராணி அலமாரிப் பெட்டியிலிருந்து சீட்டு ஒட்டிய மூன்றை மட்டும் கொண்டு வந்து, 'மூன்று' என்று சீட்டு ஒட்டிய பிளாப்பியை எடுத்து நீட்டினார். "இந்தா, அசல் இருக்கு. போடு, அச்சடி. நாளைக்கு நேரத்தோட காட்டிரலாம்."

நான் வாங்கவில்லை.

"ஐயா, இது மூணாவதுதான்னு எப்படித் தெரியும்?"

"சீட்டுல போட்டிருக்கே."

"சீட்டு நீங்க ஒட்டுனது."

அவர் முகம் சிவந்துவிட்டது. தோட்டத்தில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பேச்சுச் சத்தம் கேட்டுத் துரை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் துரை வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான். ஆனாலும் மேனேஜர் நாற்காலிக்கு அந்தப் பெயர். அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "கிராணி சொன்னா சரியாத்தான் இருக்கும். போடும்மா" என்றார்.

போட்டிருந்தால் அச்சும் வந்திருக்கும். அது சரியா தவறா என்பது பெரிய துரைகள் தங்கள் பையைத் திறக்கும்போதுதான் தெரிந்திருக்கும். தவறாக இருந்தால் இயந்திரம் லோரியில், நான் கூடையோடு. என் கண்ணுக்கு முன்னால் அந்த நெற்றிப் பட்டை வந்து தொங்கியது.

"ஐயா, கம்பளி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். ஒரே பேரில் இரண்டு பேர், ஸ்டோர் புத்தகம், வளையம், சுழி. "அன்னிக்கு நீங்க பேர நம்பலயே ஐயா. ரேகைய வெச்சுத்தானே ஆளக் கண்டுபிடிச்சீங்க. இந்தப் பிளாப்பிக்கும் ரேகை இருக்கு. பாத்துட்டுப் போடுறேன். அவ்வளவுதான் கேக்குறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அந்தப் பாப்பா நீதானா?" என்றார். பிறகு துரையின் பக்கம் திரும்பினார். "சார், பொண்ணு சொல்றது நாயம்தான். ஒங்க டெலிபோனக் கொஞ்சம் குடுங்க."

ரேகை என்று நான் சொன்னது வாய்ச் சவடால் இல்லை. கோப்பு என்பது உள்ளுக்குள் வெறும் எண்களின் நீண்ட வரிசை. ஒரு பிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும்போது பூஞ்சையால் ஏதாவது கெட்டுவிட்டதா என்று பார்க்க, அந்த எண்களையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் சின்ன நிரல் ஒன்றை நானே எழுதி வைத்திருந்தேன். முதலில் சும்மா கூட்டத்தான் செய்தேன். ஒருநாள் நிறுவைக் கொட்டகையில் இரண்டு பெண்கள் வரிசையில் இடம் மாறி நின்றதைப் பார்த்தேன். யார் முன்னால் நின்றாலும் மொத்த எடை மாறாது! அப்படியென்றால் என் கூட்டலும் ஏமாந்துவிடுமே என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு எண்ணையும் அது நிற்கும் இடத்தால் பெருக்கிக் கூட்டி, ஒரு பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு புள்ளி மாறினாலும் விடை எங்கேயோ போய்விடும். அதற்குக் கைநாட்டு என்று பெயர் வைத்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "ஊர்ல வேற பேரே கெடைக்கலயா ஒனக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்றைக்கு இதே வேலையை உலகம் முழுவதும் செய்கிறார்கள். எந்த மென்பொருள் கோப்பை இறக்கினாலும் அதற்கு முழநீளத்துக்கு ஒரு ஹாஷ் எண் இருக்கிறது. பெயரை மாற்றினாலும், எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தாலும், அதை வைத்து இது இன்ன பொட்டலத்தின் இன்ன பிரதி என்று சொல்லிவிடுகிறார்கள். வேண்டுமென்றே ஏமாற்ற வருகிறவனையும் அது பிடித்துவிடும். என்னுடையது அவ்வளவு கெட்டி இல்லை. கெட்ட புத்திக்காரன் முயன்றால் அதை ஏமாற்றியிருக்கலாம். ஆனால் பூஞ்சைக்கும் சோற்றுப் பசைக்கும் கெட்ட புத்தி கிடையாது. அவற்றுக்கு அது போதும். யாரும் சொல்லித் தராமல், ஒரு நிறுவைக் கொட்டகையைப் பார்த்து நான் கண்டுபிடித்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் ரேகை இருந்தால் மட்டும் போதாது. ஒப்பிட, அசல் ஆளின் ரேகையும் வேண்டும். பிரதிகளின் எண்களை நான் எழுதி வைத்திருக்கவில்லை; அது ஈப்போவில்தான் இருந்தது. மூன்று பிரதிகளின் மூலங்களும் அந்தச் சீனரிடம் பத்திரமாக இருந்தன. பிளாப்பியை அனுப்ப ரோடு இல்லை. ஆனால் டெலிபோன் கம்பி அறுந்திருக்கவில்லை. என் நிரலை அவருக்கு வாயால் சொல்லி, அவர் அங்கே தட்டி, தன் மூலங்களின் மேல் ஓட்டி, வரும் எண்களைத் திருப்பிச் சொன்னால் வேலை முடிந்தது.

லைனில் ஒரே இரைச்சல். என் குரல் அவருக்கு எட்டவில்லை. கிராணி ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். நான் ஒவ்வொரு வரியாக எழுதிக் காட்ட, அவர் அதை எழுத்தெழுத்தாக, பெரட்டில் பெயர் கூப்பிடுகிற குரலில் கத்தினார். தொழிற்சாலையில் இருந்தவர்கள் யாருக்கோ அடி விழுகிறது என்று ஓடி வந்தார்கள். துரை காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

தட்டியது சரியா என்று தெரிய வேண்டுமே. அதற்காகச் சோதனைக்கு ஒரு சின்னக் கோப்பு வைத்திருந்தேன். அதற்குள் இருந்தது அம்மாவின் பெயர் மட்டும், ஆங்கில எழுத்தில். அதை அங்கேயும் உருவாக்கச் சொன்னேன். அவர் ஓட்டிச் சொன்ன விடை என்னுடையதோடு சேரவில்லை. திரும்ப ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னோம். பெருக்கல் குறி வர வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டிருந்தார். மாற்றி ஓட்டினார். கிராணி எண்ணை எனக்குச் சொன்னார். நான் திரையைப் பார்த்தேன்.

"ஒண்ணுதான் ஐயா!"

"சாமா லா, டவுக்கே! சாமா!" என்று கிராணி அந்தச் சீன முதலாளியிடம் மலாயில் டெலிபோனுக்குள் கூவினார். ஒன்றுதான், ஒன்றேதான் என்று அந்தப் பக்கத்தில் அவரும் திருப்பிக் கூவுவது எனக்கே கேட்டது. அம்மாவின் பெயர் மலையிலும் ஈப்போவிலும் ஒரே எண்ணாக நின்றது.

பிறகு மூன்று மூலங்களின் எண்களும் வந்தன. கிராணி அவற்றை ஒரு தேயிலை மாதிரிப் பொட்டலத்தின் மேல் எழுதிக்கொண்டார். நான் எங்கள் பிளாப்பிகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஒன்று முடிய ஒரு பானைச் சோறு வேகும் நேரம் ஆகும். 'ஒன்று' என்று சீட்டு ஒட்டியிருந்தது உண்மையில் இரண்டாவது. 'இரண்டு' என்று ஒட்டியிருந்தது முதலாவது. கடைசியாக, அவர் காலையில் நீட்டிய அந்த 'மூன்று'.

அதன் எண்ணும் வந்தது. அது மூன்றாவதும் இல்லை. அதுவும் முதலாவது. இரண்டு பிளாப்பிகள், இரண்டு சீட்டு, ஒரே கைநாட்டு.

"ஒரே ஆளு ரெண்டு கம்பளி வாங்கிட்டானா?" என்றார் கிராணி மெதுவாக.

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அதில்தான் பொறி தட்டியது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்தால் அதில் ஒன்று நகல். முதல் பிரதி வந்த புதிதில் பழகுவதற்காக நான் ஒரு நகல் எடுத்திருந்தேன். அதற்குச் சீட்டே ஒட்டவில்லை. அதே பெட்டியில் காலிப் பிளாப்பிகளோடு போட்டு வைத்திருந்தேன். சீட்டெல்லாம் கழன்று கிடந்த நாளில் கிராணி அந்த நகலைத்தான் மூன்றாவது என்று எடுத்து ஒட்டியிருக்கிறார். அப்படியானால் உண்மையான மூன்றாவது, சீட்டு இல்லாமல், காலிகளோடு காலியாகக் கிடக்க வேண்டும்.

பெட்டியும் காலிப் பிளாப்பிகளும் அலமாரியிலேயே இருந்தன. கிராணி வெளியே கொட்டுகிற மழையில் தொழிற்சாலைக்கு ஓடினார். அந்த வயதில், அந்த வெள்ளைச் சட்டையோடு. திரும்பியபோது பிளாப்பிகளைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். ஒன்றைப் போட்டேன்; காலி. இன்னொன்று, அதுவும் காலி. அடுத்ததில் கோப்பு இருந்தது. நிரலை ஓட்டிவிட்டு இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். துரையும் வந்து பின்னால் நின்றார்.

எண் வந்தது. கிராணி பொட்டலத்தைத் திரைக்கு அருகே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் படித்தார்.

"சாமா," என்றார். இந்தத் தடவை கத்தவில்லை.

பிறகு அந்த மூன்று சீட்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்தபடி, "சோறு போட்டு வளத்தேனே, என்னையே கவுத்துட்டானுங்களே" என்றார். துரை முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

மறுநாள் மத்தியானம் பெரிய துரைகள் வந்தார்கள். அச்சு இயந்திரம் கத்திக்கொண்டே தாளைத் தள்ளியது. அவர்கள் பையிலிருந்த கணக்கை எடுத்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்த்தார். காட்டுக்குக் காடு சரியாக இருந்தது. மறுநடவுக் காடும் சரியாக இருந்தது. அவர்களில் மூத்தவர், பெட்டியில் சீட்டே இல்லாத பிளாப்பிகளைப் பார்த்துவிட்டு, எதை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கிராணி முந்திக்கொண்டார். கம்பளியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார், தான் தப்பாக ஒட்டியதையும் சேர்த்து. "இந்தப் பொண்ணு சொந்தமா எழுதுனது சார்" என்று அவர் சொன்னபோது, பெரட்டில் கூப்பிடும் அதே குரல். தொழிற்சாலை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் நின்றேன்.

இயந்திரம் மலையிலேயே தங்கியது. நானும் தங்கினேன். அதற்குப் பிறகு ஈப்போவிலிருந்து வந்த ஒவ்வொரு பிளாப்பியோடும் ஒரு தாளில் கைநாட்டு எண்ணும் வந்தது. மற்றத் தோட்டங்களுக்கும் அந்தச் சீனர் அப்படியே அனுப்பியதாகச் சொன்னார்.

ரோடு திறந்த வாரத்தில் ஒரு காலை, அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். தலையில் அந்தப் புதுக் கூடை. என் ஈரத் துண்டின் மடிப்பு அதில் அப்படியே பதிந்திருந்தது. ஸ்டோர் சாமான் திரும்பி வந்தால் பெரிய கிராணிதான் எழுதிக்கொள்வார். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னாம்மா, கூடை ஓட்டையா?"

"ஓட்டயெல்லாம் இல்லீங்க ஐயா. இது வூட்டுல சும்மா கெடக்கு. இதத் தூக்க ஆளு இல்ல." சொல்லிவிட்டுக் கண்ணாடிச் சன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேராக அவள் ஆபீசுக்குள் பார்த்து நான் கண்டதில்லை.

கிராணி புத்தகத்தைத் திருப்பி, வரியைக் காட்டி, தன் பேனாவின் மூடியைக் கழற்றி மரியாதையாக நீட்டினார். அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியும் என்று தோட்டத்துக்கே தெரியுமே.

அம்மா பேனாவை வாங்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்த வலது கையை வெளியே எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள்.

"பேரு நாலு பேருக்கு இருக்குங்க ஐயா" என்றாள். "மைப்பொட்டிய எடுங்க."